கீழாநெல்லியைப் பிழையின்றி அடையாளம் காணுதல்: தண்டு முதல் விதை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கீழாநெல்லியைத் தெரியுமா என்று கேட்டால் பெரும்பாலானோர் தயங்காமல் தெரியும் என்பார்கள். எப்படி அடையாளம் காண்கிறீர்கள் என்று கேட்டால், இலைக்குக் கீழே வரிசையாகக் காய் தொங்கும் என்பார்கள். இந்த அடையாளம் தவறன்று, ஆனால் போதுமானதும் அன்று. ஃபில்லாந்தஸ் பேரினத்தைச் சேர்ந்த, ஒரே உயரமும் ஒரே தோற்றமும் உடைய பல சிறு செடிகளில் காய்கள் இப்படித்தான் தொங்குகின்றன. அவை ஒரே தரையில், சில நேரங்களில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வளர்கின்றன. அவற்றிலிருந்து ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்னும் கீழாநெல்லியைப் பிரித்தறிய விரும்புகிறவர், தண்டில் தொடங்கி விதை வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்ல வேண்டும். அதற்குத் தாவரவியல் பட்டம் தேவையில்லை. ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியும் அவசரமின்மையும் இருந்தால் போதும்.

தேவையானவையும் பார்க்க வேண்டிய நேரமும்

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும், ஏனெனில் முடிவைத் தீர்மானிக்கும் உறுப்புகள் ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்கு மேல் இருப்பதில்லை. மில்லிமீட்டர் குறியிட்ட அளவுகோல், வெள்ளைத்தாள், குறிப்பேடு ஆகியவை உடன் இருக்கட்டும். கைப்பேசிக் கேமரா நல்ல துணைதான் என்றாலும், அது லென்ஸுக்கு மாற்றாகாது. இலையின் பச்சைப் பரப்பின்மேல் குவியம் போய் நின்றுவிடுவதால் பூ மங்கலாகவே பதிவாகும்.

காலைப் பொழுதில் பாருங்கள். இந்தச் செடியின் இலைகள் மாலையில் ஒடுங்கத் தொடங்கி, இரவில் ஒன்றோடொன்று சேர்ந்து மூடிக்கொள்கின்றன. அந்த நிலையில் இலையின் வடிவத்தையும் கோணத்தையும் சரியாகக் கணிக்க முடியாது. மழைக்குப் பிந்தைய வாரங்களே மிகவும் ஏற்ற காலம். ஒரே செடியில் மொட்டும் பூவும் காயும் சேர்ந்து கிடைக்கும். ஈரம் நீடிக்கும் இடங்களில் ஆண்டு முழுவதும் இதைக் காணலாம்.

முதற்படி: செடியின் மொத்தத் தோற்றம்

கீழாநெல்லி ஓராண்டுச் செடி. பெரும்பாலும் 10 முதல் 60 சென்டிமீட்டர் உயரம் வளரும். நடுத்தண்டு நிமிர்ந்து நிற்கும். மயிரின்றி வழவழப்பாக இருக்கும். அதிலிருந்து மெல்லிய பக்கக்கிளைகள் ஏறத்தாழக் கிடைமட்டமாக விரிந்து நிற்கும். பயிர் நிலம், பூந்தொட்டி, சுவரோர வெடிப்பு, பாதையோரம் என மனிதர் மண்ணைக் கிளறிய இடங்களிலேயே இது மிகுதியாக முளைக்கிறது. எனினும் வாழிடத்தை வைத்து இனத்தைத் தீர்மானிக்க முடியாது, ஏனெனில் அதன் உறவுச் செடிகளுக்கும் அதே இடங்கள்தான் பிடித்தமானவை.

இந்தக் கட்டத்தில் ஓர் இலையையோ இளந்தண்டையோ கிள்ளிப் பாருங்கள். கிள்ளிய இடத்தில் வெள்ளைப் பால் கசிந்தால் அது கீழாநெல்லி அன்று. அம்மான் பச்சரிசி வகைகளில் ஒன்றாக இருக்கலாம். சிறிய அம்மான் பச்சரிசிச் செடிகளைத் தொலைவிலிருந்து பார்த்துக் கீழாநெல்லி என்று எண்ணுகிறவர்கள் பலர் இருப்பதால் இந்தச் சோதனையை முதலிலேயே செய்துவிடுவது நல்லது. அவற்றில் இலைகள் எதிரெதிராக இணைந்திருக்கும். கீழாநெல்லியில் மாறி மாறி அமைந்திருக்கும். இரண்டையும் ஆமணக்குக் குடும்பத்தில் சேர்த்திருந்த காலம் உண்டு. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு கீழாநெல்லியும் அதன் உறவுகளும் ஃபில்லாந்தேசியே என்னும் தனிக் குடும்பமாகப் பிரிக்கப்பட்டன.

இரண்டாம் படி: இலையா, கிளையா?

இந்தச் செடியைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. முதற்பார்வைக்கு நடுத்தண்டிலிருந்து புளிய இலை போன்ற கூட்டிலைகள் புறப்படுவதாகத் தோன்றும். ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் சிற்றிலைகள் அடுக்கியிருப்பதாகவும் தோன்றும். உண்மையில் அவை கூட்டிலைகள் அல்ல. கூட்டிலை என்று நாம் எண்ணுவது ஒரு கிளை. சிற்றிலை என்று எண்ணுவது ஒரு முழு இலை.

இதை எப்படி உறுதிப்படுத்துவது? கூட்டிலை உள்ள செடியில் சிற்றிலையின் அடியில் மொட்டோ பூவோ தோன்றாது. முழுக் கூட்டிலையும் தண்டோடு சேரும் கோணத்தில்தான் அவை தோன்றும். கீழாநெல்லியில் ஒவ்வொரு குட்டி இலையின் கோணத்திலும் பூ அல்லது காய் இருக்கிறது. அதோடு ஒவ்வோர் இலையின் அடியிலும் இரண்டு நுண்ணிய கூரிய இலையடிச் செதில்களை லென்ஸ் வழியாகக் காணலாம். தொட்டாற்சிணுங்கியின் இளஞ்செடியையும் புளியங்கன்றையும் விலக்குவதற்கு இந்த ஒரு சோதனையே போதும். நெல்லி மரத்தின் கன்றுக்கு மட்டும் இது உதவாது. நெல்லியும் இதே பேரினத்தைச் சேர்ந்ததென்பதால் அதன் கிளையமைப்பும் இதேபோன்றதுதான். ஆனால் நெல்லிக்கன்றின் தண்டு விரைவில் கட்டையாகும். மிக இளம் பருவத்தில் அது பூப்பதும் இல்லை.

இனி நடுத்தண்டைக் கவனியுங்கள். வளர்ந்த கீழாநெல்லியின் நடுத்தண்டில் பச்சை இலை எதுவும் இருக்காது. கிளை புறப்படும் ஒவ்வொரு கணுவிலும் பழுப்பு நிறத்தில், மெல்லிய, முக்கோண வடிவான செதில்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றுள் ஒன்று இலையாக வேண்டிய உறுப்பு சுருங்கிச் செதிலானது, மற்ற இரண்டும் அதன் இலையடிச் செதில்கள். உணவு தயாரிக்கும் வேலை முழுவதும் பக்கக்கிளைகளிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கிளைகளின் வளர்ச்சிக்கும் ஓர் எல்லை உண்டு: குறிப்பிட்ட நீளம் வளர்ந்து, பூத்துக் காய்த்து, முடிவில் ஓர் இலை உதிர்வதைப் போலவே முழுக்கிளையாக உதிர்ந்துவிடும். வயதான செடியின் தண்டில் கீழ்ப்பகுதி மொட்டையாகவும் வடுக்களோடும் இருப்பதற்கு இதுவே காரணம்.

நாற்றுப் பருவத்தில் இந்த விதி பொருந்தாது. முளைத்தவுடன் தோன்றும் முதல் சில இலைகள் நடுத்தண்டிலேயே அமையும். அதன் பிறகுதான் செதிலும் கிளையும் என்ற ஒழுங்கு தொடங்கும். ஆகவே பூக்காத நாற்றுக்குப் பெயர் சூட்டாமல் காத்திருங்கள்.

மூன்றாம் படி: இலையின் வடிவம்

ஒரு பக்கக்கிளை பெரும்பாலும் 4 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இலைகள் 15 முதல் 30 வரை இருக்கலாம். இலை நீள்வட்டமாகவோ, நீள்சதுரத்தை ஒட்டிய நீள்வட்டமாகவோ இருக்கும். நீளம் ஏறத்தாழ 5 முதல் 11 மில்லிமீட்டர். அடிப்பகுதியும் நுனியும் மழுங்கி உருண்டிருக்கும். அடிப்பகுதி சிறிது ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பதும் உண்டு. மேற்புறம் பச்சை, அடிப்புறம் வெளிர்ந்த சாம்பல் பச்சை. நிழலில் வளர்ந்த செடியின் இலை பெரிதாகவும் மெல்லியதாகவும், வறண்ட தரையில் வளர்ந்ததன் இலை சிறிதாகவும் இருக்குமாதலால் அளவை மட்டும் நம்பக் கூடாது. இலை இருமுனையும் குறுகிக் கூர்மையாக இருந்தால் உறவுச் செடியான ஃபில்லாந்தஸ் டெபிலிஸாக இருக்கலாம் என்ற ஐயத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

நான்காம் படி: பூவை லென்ஸில் பார்த்தல்

செடியின் மேற்பகுதியிலிருந்து பூத்துக்கொண்டிருக்கும் ஓர் இளங்கிளையைக் கிள்ளி எடுத்து, வெள்ளைத்தாளின் மேல் அடிப்புறம் மேலே தெரியுமாறு திருப்பி வையுங்கள். கிளையின் அடிப்பக்கம் மூத்தது, நுனிப்பக்கம் இளையது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். லென்ஸைக் கண்ணருகே பிடித்து, தாளை உயர்த்தி லென்ஸுக்கு அருகே கொண்டுவருவதே சரியான முறை.

பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பூவிதழ்களின் எண்ணிக்கை. இந்தப் பூக்களில் புல்லி, அல்லி என்ற இரண்டு வட்டங்கள் இல்லை. ஒரே வட்டமாகப் பூவிதழ்கள் மட்டும் உள்ளன. கீழாநெல்லியில் ஆண் பூவிலும் பெண் பூவிலும் அவை ஐந்து; ஒவ்வொன்றின் நடுவிலும் பச்சைப் பட்டையும் ஓரத்தில் வெண்மையும் இருக்கும். உறவுச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆறு. பூ மிகச் சிறியது என்று மலைக்க வேண்டாம், இதற்கு எளிய வழியொன்று இருக்கிறது. பெண் பூவின் பூவிதழ்கள் உதிராமல் காயின் அடியில் தங்கிவிடும். காயை மெல்லப் புரட்டி, காம்பு சேரும் இடத்தைப் பார்த்தால் அவை நட்சத்திரம்போல் விரிந்திருப்பதைக் காணலாம். ஒரே காயோடு நிறுத்தாமல் சில காய்களில் எண்ணுங்கள், ஏனெனில் ஒன்றிரண்டு இதழ்கள் முறிந்திருக்கக் கூடும்.

இரண்டாவது, ஆண், பெண் பூக்கள் கிளையில் அமைந்திருக்கும் ஒழுங்கு. என் பார்வையில் எண்ணிக்கையைவிட இதுவே உறுதியான சான்று. கீழாநெல்லியில் கிளையின் அடியிலுள்ள ஒன்றிரண்டு இலைக்கோணங்களில் ஆண் பூக்கள் மட்டும் இருக்கும். அதற்கு மேலுள்ள கோணங்களில் ஓர் ஆண் பூவும் ஒரு பெண் பூவும் இணையாக இருக்கும். ஒரே கோணத்தில் இருவகைப் பூவும் சேர்ந்திருப்பதுதான் இந்த இனத்தின் முத்திரை. ஆண் பூவின் நடுவில் மகரந்தத்தாள்கள், பெரும்பாலும் மூன்று, ஒன்றாகச் சேர்ந்து குட்டையான தூணாக நிற்கும். பெண் பூவில் பச்சையான உருண்டைச் சூலகப்பையும் அதன் தலையில் மூன்று குட்டைச் சூலகத்தண்டுகளும் தெரியும். ஆண் பூ விரைவில் உதிர்ந்துவிடும். முதிர்ந்த கிளையைப் பார்த்தால் பெண் பூக்கள் மட்டுமே இருப்பதாகத் தோன்றிக் கணிப்பு தவறும். இளங்கிளையை எடுக்கச் சொன்னது இதனால்தான்.

ஐந்தாம் படி: காயும் விதையும்

இலைக்கோணத்தில் பிறக்கும் பூவின் காம்பு கீழ்நோக்கி வளைவதால்தான் காய்கள் கிளைக்கு அடியில் வரிசையாகத் தொங்குகின்றன. காய் உருண்டையாக, சற்றே தட்டையாக, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விட்டமுடையதாக இருக்கும், மேற்பரப்பு வழவழப்பானது. உள்ளே மூன்று அறைகள், அறைக்கு இரண்டு விதை, ஆக ஆறு விதைகள்.

விதையைப் பார்க்க, காய் முதிர்ந்த ஒரு கிளையைக் காகித உறையில் இட்டு மூடி உலர விடுங்கள். காய்கள் ஒவ்வொன்றாக வெடித்து விதைகள் உறையின் சுவரில் தெறிக்கும் மெல்லிய ஒலியைக் கேட்கலாம். வெளியே வந்த விதை ஆரஞ்சுச் சுளை வடிவில், ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளத்தில், வெளிர்பழுப்பு நிறத்தில் இருக்கும். அதன் முதுகில் நீளவாக்கில் ஐந்து முதல் ஏழு வரிகள் எழும்பியிருக்கும். வரிகளுக்கிடையே குறுக்கே செல்லும் மெல்லிய கோடுகளைக் காண இன்னும் வலிமையான லென்ஸ் வேண்டும்.

உறவுச் செடிகளிலிருந்து பிரித்தறிதல்

ஃபில்லாந்தஸ் ஃபிரட்டெர்னஸ் என்பதுதான் கீழாநெல்லியோடு மிகவும் குழம்பக்கூடிய செடி. உயரம், நிறம், இலை ஆகியவற்றில் வேறுபாடு காண்பது கடினம். பூவிதழ் ஆறு, கிளையின் அடிப்பகுதியில் ஆண் பூக்கள் கொத்தாகவும், நுனிப்பகுதியில் பெண் பூக்கள் தனித்தனியாகவும் இருக்கும், ஆணும் பெண்ணும் ஒரே கோணத்தில் இணைசேர்வதில்லை. டெபிலிஸிலும் பூக்களின் ஒழுங்கு ஏறத்தாழ இப்படித்தான். இலையின் கூர்மை அதைக் காட்டிக்கொடுக்கும்.

சிவப்புக் கீழாநெல்லி எனப்படும் ஃபில்லாந்தஸ் யூரினேரியாவைப் பிரிப்பது எளிது. தண்டு பெரும்பாலும் செந்நிறம் படர்ந்திருக்கும். காய்க்குக் காம்பு இல்லை என்றே சொல்லலாம், கிளையோடு ஒட்டியிருக்கும். காயின் மேற்பரப்பு சொரசொரப்பாக, சிறு முண்டுகளோடு இருக்கும். பூக்களின் ஒழுங்கும் தலைகீழானது: அடிப்பகுதியில் பெண், நுனிப்பகுதியில் ஆண். விதையில் வரிகள் நீளவாக்கில் இல்லாமல் குறுக்காக ஓடும். வழவழப்பான காயா, சொரசொரப்பான காயா என்று விரல் நுனியும் லென்ஸும் சேர்ந்து சொல்லிவிடும்.

மேலாநெல்லி எனப்படும் ஃபில்லாந்தஸ் மதராஸ்பட்டென்சிஸில் இலைகள் நடுத்தண்டிலும் இருக்கும். இலை நுனியில் அகன்று அடியில் ஆப்புப்போல் குறுகும். இரண்டாம் படியை ஒழுங்காகச் செய்தவர் இதில் ஏமாற மாட்டார்.

கண்டதைப் பதிவு செய்தல்

அடையாளம் கண்ட செடியின் முழு உருவம், நடுத்தண்டின் ஒரு கணு, கிளையின் அடிப்புறம், காயின் அடிப்பகுதி ஆகிய நான்கையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். காயின் அருகே அளவுகோலை வைத்து எடுத்தால் பின்னர் ஒப்பிடலாம். முழுச்செடியை வேரோடு எடுத்துச் செய்தித்தாள் மடிப்புகளுக்கு நடுவே அழுத்தி, தாளை நாள்தோறும் மாற்றி உலர்த்தினால் நல்ல மாதிரி கிடைக்கும். பறித்தவுடனே அழுத்திவிடுங்கள், தாமதித்தால் இலைகள் மூடிக்கொள்ளும், உலர உலரக் கிளைகளும் கழன்றுவிடும். உதிர்ந்த விதைகளைச் சிறு உறையில் இட்டு மாதிரியோடு இணைத்துவையுங்கள். இடம், நாள், மண்ணின் தன்மை, பூவிதழ்களின் எண்ணிக்கை, பூக்களின் ஒழுங்கு ஆகியவற்றைச் செடி பசுமையாக இருக்கும்போதே எழுதிவிடுவது முக்கியம். உலர்ந்த பிறகு அதே பூவை எண்ணுவது மிகவும் கடினம்.

இது ஏன் எங்கும் முளைக்கிறது?

கீழாநெல்லியின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா என்றே பெரும்பாலான தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். ஆயினும் அதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கடற்கரையில் பீட்டர் தோன்னிங் சேகரித்த மாதிரிகளைக் கொண்டுதான். அந்த விவரிப்பு 1827இல் வெளிவந்தது. இன்று வெப்பமண்டலப் பகுதிகள் முழுவதிலும் இது பரவியிருக்கிறது. குறுகிய வாழ்நாளுக்குள் பூத்து, ஒவ்வொரு கிளையிலும் வரிசையாகக் காய்த்து, வெடிப்பினாலேயே விதையை வீசியெறியும் செடிக்குப் பறவையோ விலங்கோ துணைக்கு வேண்டியதில்லை. விதை மிகச் சிறியது, அதில் சேமித்த உணவும் குறைவு. ஆழத்தில் புதைந்தால் முளை மேலே வருவது அரிது. ஆகவே மேல்மண் கிளறப்பட்டு, வெயில் படும்படி திறந்து கிடக்கும் இடமே இதற்கு வாய்ப்பான நிலம். தோட்டத்தில் இதைக் கட்டுப்படுத்த விரும்புகிறவர் காய் முதிர்வதற்கு முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். காய்த்த செடியைப் பிடுங்கி அங்கேயே போட்டால் உலரும்போது காய்கள் வெடித்து அடுத்த தலைமுறையை விதைத்துவிடும்.

பெயர்க் குழப்பமும் மருந்து ஆய்வுகளும்

பழைய நூல்கள் பலவற்றில் கீழாநெல்லிக்கு ஃபில்லாந்தஸ் நிரூரி என்ற பெயரே தரப்பட்டிருக்கிறது. லின்னேயஸ் 1753இல் வைத்த அந்தப் பெயர் உண்மையில் வேறோர் அமெரிக்க இனத்துக்கு உரியது. இந்தியத் தாவர நூல்களில் நிரூரி என்று குறிக்கப்பட்டது ஒரே இனமன்று, அமாரஸ், ஃபிரட்டெர்னஸ், டெபிலிஸ் ஆகிய மூன்றும் அதில் கலந்திருக்கின்றன என்பதை மித்ரா, ஜெயின் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வு தெளிவுபடுத்தியது. ஆகவே நிரூரி என்ற தலைப்பில் வந்த பழைய மருத்துவக் குறிப்பைப் படிக்கும்போது, எந்தச் செடியைப் பற்றிப் பேசப்படுகிறது என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

இது வெறும் பெயர்ச் சிக்கல் அன்று. கீழாநெல்லியின் கசப்புக்குக் காரணமான ஃபில்லாந்தின், அதோடு சேர்ந்த ஹைப்போஃபில்லாந்தின் ஆகிய சேர்மங்கள் அமாரஸில் மிகுதியாக உள்ளன. ஃபிரட்டெர்னஸ் போன்ற உறவுச் செடிகளில் அவை மிகக் குறைவு, அல்லது இல்லை. தென்னிந்தியாவில் மூலிகையாக விற்கப்படும் மாதிரிகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மாதிரிகளில் அமாரஸ் மேலோங்கியிருந்தது. மீதியில் வேறு ஐந்து ஃபில்லாந்தஸ் இனங்கள் இருந்தன.

மஞ்சள் காமாலைக்கு இந்தச் செடி என்ற நம்பிக்கை பரவலானது. 1988இல் லான்செட் இதழில், எஸ். பி. தியாகராஜனும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கும் இடம்பெற்ற குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. நெடுநாளாக அந்த வைரஸைச் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாட்கள் அமாரஸ் பொடி கொடுத்தபோது, 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நேர்ந்தது. இந்த முடிவு உலகெங்கும் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியது. ஆனால் பிற இடங்களில் பின்னர் நடந்த சோதனைகளில் அதே அளவு பலன் கிடைக்கவில்லை, பல சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்து ஆராய்ந்த தொகுப்பாய்வுகளும் போதிய சான்று இல்லை என்றே முடித்தன.

மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயரன்று, அறிகுறி. வைரஸ், பித்தப்பைக் கல், மருந்துகளின் பக்கவிளைவு, புற்றுநோய் எனப் பல காரணங்களால் அது வரலாம். காரணத்தைக் கண்டறியும் பரிசோதனைக்கு முன் எந்த மூலிகையையும் நாடிக் காலம் தாழ்த்துவது ஆபத்தானது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதை உட்கொள்ளக் கூடாது. பாதையோரத்திலும் களைக்கொல்லி தெளித்த நிலத்திலும் வளர்ந்த செடியை ஆராய்ச்சிக்கு எடுக்கலாம், உட்கொள்ள எடுக்கக் கூடாது. பூவிதழ் ஐந்தாக இருந்தாலும், ஆணும் பெண்ணும் ஒரே கோணத்தில் இருந்தாலும், அந்த மண்ணில் கலந்திருப்பது என்னவென்பதை லென்ஸ் காட்டாது.